உம் கொட்டிய ராக்கம்மா

கதைக்கு ஆறு உறுப்பு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பாத்திரம், களம், முரண், நோக்கு என்று கோழியைக் கூறுபோடுவதுபோல் பிரித்துவைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கூறுபோட்ட கோழி கூவாது. அந்த உறுப்புகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை உயிரோடு நடமாடும்போது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ராக்கம்மாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டிச் சீமையில் பன்வில பக்கத்தில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இருந்தவள். கடுகண்ணாவையில் ரயிலுக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. தன் வாழ்நாளில் அவள் சொன்னது ஒரே ஒரு கதைதான். ஆனால் கதை கேட்பதில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது.

கதை கேட்பதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கலாம். நம் ஆட்களிடம் கதை சொல்ல ஒருவர் போதாது, உம் கொட்ட ஒருவர் வேண்டும். சொல்கிறவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், கேட்கிறவர் 'உம்' என்பார், அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம் வரும். உம் நின்றால் கதையும் நிற்கும். இது ஊரெல்லாம் உள்ள வழக்கம். இந்தத் தோட்டத்தில் மட்டும் அதற்கு மேலே இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. உம் கொட்டத் தொடங்கியவர் கதை முடியுமுன் விட்டுப் போகக்கூடாது. போனால் கதையில் நடந்துகொண்டிருக்கிறவன் பாதி வழியிலேயே கிடந்துவிடுவான் என்பார்கள்.

சிரிக்காதீர்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ள தாண்டி மாத்தளை வரைக்கும் நடந்தே கண்டிச் சீமைக்கு ஏறி வந்தவர்கள். வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தவர்கள். பாதி வழியில் கிடப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

ராக்கம்மா அந்த வழியில் வந்தபோது பாவாடை தடுக்கி விழுகிற வயது. தாய் தகப்பன் ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இருந்தது அண்ணன் சின்னமுத்து ஒருவன்தான். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் அவனும் காய்ச்சலில் விழுந்தான். கூட்டம் நிற்கவில்லை. யாரோ ஒரு பெண் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். மாத்தளையில் ஆட்கள் தங்கும் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "எங்கண்ணன் மரத்தடியில படுத்திருந்தாரே, அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள். அப்புறம் என்னாச்சு என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. ஒரு பகல் முழுக்கக் கேட்டாள். சாயங்காலம் போல அழகையா என்ற இளைஞர் சின்னமுத்துவை முதுகில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. கூட்டத்தோடு முன்னால் போனவர், மனசு கேட்காமல் திரும்பிப் போய்த் தூக்கி வந்திருந்தார். மாத்தளையிலிருந்து அவரைத் திகன பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள், இவர்கள் பன்விலைக்கு வந்தார்கள்.

அன்றிலிருந்து 'அப்புறம்' என்ற சொல்லை ராக்கம்மா யாரிடமும் விளையாட்டுக்குக் கேட்டதில்லை.

வளர்ந்தபின் அவளுக்கு ஸ்டோர் முன்னால் இருந்த களத்தில் வேலை. கழுவிய கோப்பிக்கொட்டையைக் கயிற்றுப்பாயில் பரப்பி, காயக் காயக் கிளறி, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்க வேண்டும். களத்துக்குப் பொறுப்பு அண்ணன் சின்னமுத்து, அப்போது அவன் கொஞ்சம் ஆட்களை மேய்க்கிற சில்லறைக் கங்காணி ஆகியிருந்தான். பழத்தின் தோல் நீக்கும் இயந்திரத்தில் வேலை செய்த கறுப்பையா நடுப்பகலில் கை சும்மா இருக்கும்போது களத்துக்கு வந்து கதை சொல்வான். கதை நடந்தால் பெண்கள் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்பதால் துரையும் கண்டுகொள்ளவில்லை. உம் கொட்டுவது ராக்கம்மா.

கறுப்பையாவுக்கு நல்ல குரல், நல்ல முகவெட்டு, அதற்கேற்ற தலைக்கனமும் உண்டு. "ஒரு ஊர்ல ஒரு ராசா" என்று அவன் ஆரம்பித்தால் ஏழு கடல் தாண்டித்தான் நிற்பான். மற்றத் தோட்டங்களில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் "உம், உம்" என்ற தலையாட்டல். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்களே, அந்தப் புத்தி இந்தக் களத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

"எந்த ஊரு?" என்பாள் ராக்கம்மா.

"ஏதோ ஒரு ஊரு."

"அங்க மழ பெய்யுமா?"

"பெய்யும்."

"அப்ப ராசா மலையில ஓடி எறங்குனாருன்னு சொன்னீங்களே, வழுக்கலையா?"

பெண்கள் சிரிப்பார்கள். கறுப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு ராசாவை வழுக்கி விழவைப்பான். விழுந்த ராசா சேற்றோடு எழுந்து வருவார். அதற்கு முன் அந்த ராசாவைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை, சேறு பூசியதும் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. கறுப்பையா அதைக் கவனித்தான். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு நாள் ராசகுமாரி தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உம் வரவில்லை.

"தனியா அழுதான்னா அத யாரு பாத்தா?" என்றாள் ராக்கம்மா.

"கதன்னா அப்படித்தான் புள்ள. சொல்றவனுக்கு எல்லாந் தெரியும்."

"எல்லாந் தெரிஞ்சவருக்கு நேத்து ராசாவோட குதுர பேரு மறந்துருச்சே. யாராச்சும் பாத்திருக்கணும்."

கோபத்தில் கறுப்பையா ஜன்னலில் ஒரு கிளியை உட்காரவைத்தான். கிளி கண்டது, கிளி காணாதது, கிளி தப்பாகப் புரிந்துகொண்டது என்று அந்தக் கதை ஒரு கிழமை ஓடியது. கிளியைப் பற்றிப் பெண்கள் குடியிருந்த லயத்திலும் போய்ப் பேசினார்கள். அவள் விடாமல் கேட்ட கேள்வி இன்னொன்று உண்டு: "அவருக்கு என்னதான் வேணும்?" ராசாவானாலும் சரி, ராசாவின் செருப்பைத் தைக்கிறவரானாலும் சரி, கதைக்குள் கால் வைக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. பதில் இல்லாவிட்டால் உம் இல்லை. கதையின் கரு என்ன என்று மட்டும் அவள் கேட்டதில்லை.

ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. "நீ உம் கொட்ட வந்தியா, வழக்கு விசாரிக்க வந்தியா?" என்று கத்திவிட்டுக் கறுப்பையா வேறு ஆள் தேடினான். அன்றைக்குத் திகனயிலிருந்து துணி மூட்டையோடு வந்திருந்த மர்சூக் நானா அகப்பட்டார். தங்கமான மனுசர். யார் என்ன சொன்னாலும் மனம் நிறைந்து பாராட்டுவார்.

"ராசாவுக்கு மூணு பொஞ்சாதி."

"மாஷா அல்லாஹ்!"

அந்த ஊக்கத்தில் மூன்று ஒன்பதாயிற்று. "செல்லுங்க தம்பி, செல்லுங்க" என்று நானா மேலே சொல்லச் சொல்லித் தூண்டத் தூண்ட, ஒன்பது பேருக்கும் ஒன்பது அரண்மனை, அரண்மனைக்கு ஒன்பது வாசல் என்று கதை பெருத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. வெயில் சாயும்போது யாருக்கு யார் பிள்ளை என்று கறுப்பையாவுக்கே தெரியவில்லை. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். வழக்கப்படி பாதியில் எழுந்து போக முடியாததால் மர்சூக் நானா மூட்டையைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு முழம் துணிகூட விற்கவில்லை.

மறுநாள் கறுப்பையா ராக்கம்மாவிடம் வந்து, மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பேசினான். அவளும் பெரிய மனது பண்ணி உட்கார்ந்தாள். உள்ளதைச் சொல்வதானால் அவளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவனுக்கும் அவளை. முறைப்படி அவள் அவனை மச்சான் என்று கூப்பிடலாம். ஆனால் 'கதக்காரரே' என்றுதான் கூப்பிடுவாள், அதைச் சொல்லும்போது முகம் சிரிக்கும். களத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கங்காணி அண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

அந்த அறுவடை முடியும் தறுவாயில் மர்சூக் நானா மறுபடி வந்தார். இந்தத் தடவை மூட்டையோடு ஒரு பதிலும் கொண்டுவந்தார். சின்னமுத்து யாரையும் கேட்காமல் அவரிடம் சொல்லியனுப்பியிருந்தான்: என் தங்கச்சியைத் திகன அழகையாவுக்குக் கட்டித் தருகிறேன் என்று. அழகையா சரி என்றாராம். சின்னமுத்து களம் முழுக்கக் கேட்க அதை அறிவித்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ராக்கம்மா கையிலிருந்த கோப்பிக்கொட்டையை அப்படியே பாயில் கொட்டினாள், நல்லதும் கறுத்ததும் ஒன்றாகக் கலந்தது.

அண்ணனை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. அழகையாவைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, அவர் இல்லாவிட்டால் அண்ணனே இல்லை. கறுப்பையா போய்க் கேட்டிருக்கலாம். ஏழு கடல் தாண்டுகிறவனுக்குக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகக் கால் எழவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். மறுநாள் நடுப்பகலில், சின்னமுத்து பக்கத்தில் நின்று கோப்பி கிளறிக்கொண்டிருக்கும்போது, கதையை ஆரம்பித்தான்.

"ஒரு ஊர்ல ஒரு ராசகுமாரி. அவள ஒரு அரக்கன் மல உச்சியில அடச்சு வச்சிருந்தான்."

"எந்த ஊரு?" என்றாள் ராக்கம்மா. அவள் குரல் அன்று கொஞ்சம் கம்மியிருந்தது.

கறுப்பையா சுற்றிலும் பார்த்தான். "கோப்பி வெளையுற ஊரு."

"உம்."

"அவள ஒருத்தன் விரும்புனான்."

"ராசகுமாரனா?"

"இல்ல. வேலக்காரன். மிசின்ல பழம் போடுறவன்."

பெண்களின் கை நின்றது. கிளறுகோலும் நின்றது. "உம்" என்றாள் ராக்கம்மா, காதுக்குக் கேட்டும் கேட்காமல்.

"அந்த அரக்கன் அவள வேற மலைக்குத் தள்ளிவிடப் பாத்தான். கல்நெஞ்சுக்காரன். ரத்தக் கண்ணு, கோரப் பல்லு..."

சின்னமுத்துவின் முகம் கறுத்தது. அவனுக்கு இயல்பாகவே பல் கொஞ்சம் எடுப்பு.

"அரக்கனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் ராக்கம்மா.

கறுப்பையா விழித்தான். "அரக்கனுக்கு என்ன? கெட்டவன். அவ்வளவுதான்."

"அப்படி ஒருத்தரும் கெடையாது. அவருக்கு என்ன வேணும்னு தெரியாம நீங்க எப்படிக் கத சொல்ல வந்தீங்க?"

கதை அங்கேயே படுத்துவிட்டது. கண்டி முதல் திகன வரை பெயரெடுத்த கதைக்காரன் வாய் உலர்ந்து நின்றான். ராக்கம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன். அது அரக்கன் இல்ல. ஒரு அண்ணன். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம், மரத்தடியில காய்ச்சலோட கெடந்தாரு."

நிறுத்தினாள். உம் வரவில்லை. கங்காணி எதிரில் நிற்கும்போது உம் கொட்ட எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? கறுப்பையா கங்காணியின் கிளறுகோலையே பார்த்துக்கொண்டிருந்தான். உம் இல்லாமல் அடுத்த வாக்கியம் சொல்லும் வழக்கம் இல்லை. மரத்தடியில் அந்த மனிதன் கிடந்தான், கிடந்துகொண்டே இருந்தான்.

"உம்" என்றது ஒரு குரல். சின்னமுத்து. சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். ஆனால் கொட்டிய உம்மைத் திரும்ப அள்ள முடியாது. அதுவும் மரத்தடியில் கிடந்த ஒருவனை அப்படியே விட்டுப் போக உலகத்தில் யாரால் முடிந்தாலும் அவனால் முடியாது. கிளறுகோலைத் தரையில் வைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

ராக்கம்மா சொன்னாள். எல்லோரும் விட்டுப் போனதைச் சொன்னாள், ஒருவர் திரும்பி வந்ததைச் சொன்னாள். அந்த முதுகின் சூடு அண்ணனுக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது, அதற்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமலே அவர் இத்தனை வருஷம் நடக்கிறார், கையில் இருந்தது ஒரு தங்கச்சிதான், அதனால் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் சின்னமுத்து உம் கொட்டினான். போகப் போக அந்த உம் தழுதழுத்தது. தன் மனசில் இருந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பன்வில மழைக்கு நேரமாவது காலமாவது! எல்லோரும் எழுந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார்கள். சின்னமுத்து ஒரு பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடும்போதே திரும்பித் திரும்பி, "அப்புறம்? ஏ ராக்கு, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினான். பாதிப் பெண்கள் சிரிப்பு தாங்காமல் வழுக்கி விழுந்தார்கள்.

ஸ்டோருக்குள் நனைந்த தலையோடு ராக்கம்மா நின்றாள். "அப்புறம் எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னா?"

"தூக்கிட்டு வந்தாரே, அவருக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. அது தெரியாம நான் எப்படி முடிக்கிறது? அந்தத் தங்கச்சிக்கு என்ன வேணும்னும் யாரும் கேக்கல. அது மட்டும் எனக்குத் தெரியும். ஆனா அது பாதிதான்."

சின்னமுத்து தங்கச்சியைப் பார்த்தான், பிறகு மூலையில் நனைந்த கோழியாக நின்ற கறுப்பையாவைப் பார்த்தான். முதல் தடவையாக அவனுக்கு விளங்கியது.

அடுத்த ஓய்வு நாள் விடிந்ததும் அவன் திகனைக்கு நடந்தான். கதை பாதியில் நிற்கிறது, அவனால் சோறு தின்ன முடியவில்லை. திரும்பி வந்தபோது வெயில் சாயவில்லை. லயத்து வாசலில் கூட்டம் கூடியிருந்தது. நின்றபடியே ஆரம்பித்தான்.

"போனேன். அவரு வாசல்ல ஒக்காந்து கத்தி தீட்டிக்கிட்டு இருந்தாரு."

"உம்" என்றாள் ராக்கம்மா. இப்போது உம் கொட்டுவது அவள் முறை.

"நான் ஆரம்பத்துல இருந்து சொன்னேன். அரக்கன மட்டும் விட்டுட்டேன். அவரு உம் கொட்டிக் கேட்டாரு. நீ நிறுத்துன எடம் வந்துச்சு. ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

ராக்கம்மாவுக்கு உம் வரவில்லை. பிறகு மாத்தளைக் கொட்டகை வாசலில் கேட்ட அதே குரலில், "அப்புறம் என்னாச்சு?" என்றாள்.

"என்னத் திட்டுனாரு." சின்னமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ சொல்லியனுப்புன பொறகு மாட்டேன்னா ஒனக்கு அவமானம்னுதான் சரின்னேன்னாரு. அப்புறம் சொன்னாரு... 'அன்னிக்கு ஒன்னத் தூக்கிட்டு நடந்தப்ப வழி நெடுக என்ன ஒளறுன தெரியுமா? தங்கச்சி தனியா நிக்கும், தங்கச்சி தனியா நிக்கும்னு. எனக்குக் கால் ஓஞ்சு எறக்கி வச்சப்பெல்லாம் அதக் கேட்டுத்தான் திரும்பத் தூக்குனேன். அந்தப் புள்ள மொகத்துல சிரிப்பப் பாக்கத்தான்யா ஒன்னச் சொமந்தேன்'னாரு."

ராக்கம்மா அழுதாள். சுற்றி நின்றவர்களும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். சின்னமுத்து கறுப்பையாவின் பக்கம் திரும்பினான்.

"கதக்காரரே. கல்யாணச் சாப்பாடு அந்த அரக்கன்தான் போடுவான். கோரப் பல்ல வச்சுக்கிட்டே பரிமாறுவான், பரவாயில்லையா?"

கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டே, "பரவாயில்ல மச்சான்" என்றான்.

கல்யாணத்துக்கு மர்சூக் நானா புதுச்சேலை கொண்டுவந்தார். அழகையா திகனயிலிருந்து நடந்து வந்தார். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், "முழுக் கதையையும் அந்தப் புள்ள வாயால கேக்கணும்" என்றார். மணப்பெண் கதை சொல்வதாவது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ராக்கம்மா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், மாலையைச் சரிசெய்துகொண்டு மரத்தடியிலிருந்து ஆரம்பித்தாள். கிளி இல்லை, ராசா இல்லை. கொட்டகை வாசலில் நின்ற ஒரு சின்னப் பெண் பார்த்தது மட்டும். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள்.

உம் கொட்ட நாலு பேர் ஒன்றாக வாயெடுத்தார்கள். கறுப்பையா கையைத் தூக்கி மற்ற மூவரையும் அடக்கிவிட்டு, மனைவிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"உம்" என்றான்.